போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு?



மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் கடைக்காரர் முதலில் கேட்பது, "போன மாசத்தை விடக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்றுதான். கூடியிருந்தால் முகம் மலரும். குறைந்திருந்தால் கடைப்பையனுக்குத் திட்டு விழும். இரண்டுமே காலண்டர் செய்த வேலையாக இருக்கலாம்.

ஒரு நாள்கூட மூடாத மளிகைக் கடை ஒன்று. நாளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய் விற்பனை. பிப்ரவரியின் 28 நாளில் 2,80,000 ரூபாய்; மார்ச்சின் 31 நாளில் 3,10,000. பத்து சதவீதத்துக்கும் மேல் வளர்ச்சி என்று நோட்டு சொல்லும். புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூட வந்திருக்க மாட்டார். ஆகவே, மொத்த விற்பனையைக் கடை திறந்திருந்த நாட்களால் வகுத்துக்கொண்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கு எழுதுவது ஆங்கில மாதத்துக்கு. வாடிக்கையாளர் கடைக்கு வருவதோ பெரும்பாலும் தமிழ் மாதத்தைப் பார்த்து. ஆடித் தள்ளுபடி ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் பாதி பாதியாக விழும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. டிசம்பரின் பிற்பாதியில் கல்யாணப் பட்டு கேட்டு வருபவர் குறைவு. தீபாவளி இன்னும் மோசம். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. 2024 நவம்பர் விற்பனையை முந்தைய ஆண்டு நவம்பரோடு வைத்துப் பார்த்த ஜவுளிக்கடைக்காரர் பதறிப்போயிருப்பார். அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்துக் கூட்டி, முந்தைய ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இது சின்னக் கடைகளுக்கு மட்டுமான சங்கதி இல்லை. நாடு முழுவதும் சேர்ந்த ஜி.எஸ்.டி. வசூலைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் கோடி ரூபாய். மே மாதம் சுமார் 2 லட்சத்து ஓராயிரம் கோடி. ஒரே மாதத்தில் இவ்வளவு சரிவா? மார்ச் நிதியாண்டின் கடைசி மாதம். கணக்கு முடிக்கும் அவசரத்தில் பில்கள் குவியும். அந்த வரி ஏப்ரலில் வந்து சேரும். அதனால் ஏப்ரல் பொதுவாக உயர்ந்து நிற்கும். அதே மே மாத வசூலை 2024 மே மாதத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல். ஏப்ரலை வைத்துப் பார்த்தால் சரிவு, முந்தைய வருடத்து மே மாதத்தை வைத்துப் பார்த்தால் ஏற்றம்.

அப்படியானால் போன மாதத்தைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும். எதிரே புதுக்கடை வந்ததும், சாலையைத் தோண்டிப் போட்டதும் அதில்தான் முதலில் தெரியும். ஆனால் விற்பனையோடு லாபத்தையும் கடன் பாக்கியையும் சேர்த்துப் பாருங்கள். தள்ளுபடியில் கூட்டம் அலைமோதியும் கையில் ஒன்றும் மிஞ்சாத மாதங்கள் உண்டு.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தினசரி விற்பனைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: மழை, திருவிழா, சரக்கு தீர்ந்தது, அரை நாள் கடை மூடல். அடுத்த வருடம் இதே மாதக் கணக்கைப் பார்க்கும்போது, கூடியதற்கும் குறைந்ததற்கும் காரணம் அந்த நோட்டிலேயே இருக்கும். கடைப்பையனைத் திட்டுவதா, சம்பளம் கூட்டித் தருவதா என்பதை அதைப் படித்தபின் முடிவு செய்யலாம்.