அடுத்த ஷிப்டுக்கு ஒரு குறிப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஏ.ஐ. பத்தி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். அது வேலையைப் பறிக்குமா, பறிக்காதா என்று பேச இந்த அரங்கிலேயே என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். நான் தினமும் கையாளுகிற ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு வேலையைப் பாதியில் இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது.

எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் லேபில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். காலையில் அவன், மதியம் நான். நடுவில் ஒரு ஃப்ளாப்பி. ஒரு நாள் லேபிளில் "ஓகே" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் அதை நம்பி மேலே மேலே எழுதிக்கொண்டு போனேன். ரெக்கார்டு வைக்கிற அன்று ப்ரோக்ராம் ஓடவில்லை. "ஓகேன்னு போட்டிருந்தியேடா?" என்றேன். "கம்பைல் ஆச்சு, அதான் ஓகே. ரன் பண்ணிப் பாக்கலையே" என்றான். அவன் இப்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். (சிரிப்பு)

அந்த "ஓகே" இத்தனை வருஷம் கழித்து வேறு வேஷத்தில் என்னிடம் திரும்பி வந்தது.

இன்று நாங்கள் ப்ரோக்ராம் எழுத ஏ.ஐ. ஏஜென்ட்டுகளை வைத்துக்கொள்கிறோம். க்ளாட் கோட், கோடெக்ஸ் போன்றவை 2025-இல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. மாணவர்களுக்கு இது தெரியும், மூத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் வேலையைச் சொன்னால், அதுவே ஃபைல்களைத் திறந்து படிக்கும், திருத்தும், ஓட்டிப் பார்க்கும். நல்ல வேலைக்காரன். ஆனால் ஒரு குறை. ஒரு செஷனில் அது ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு ஒரு எல்லை உண்டு. அதை டோக்கன் கணக்கில் அளப்பார்கள். 2025-இல் பல மாடல்களுக்கு 2 லட்சம் டோக்கன், சிலவற்றுக்கு 10 லட்சம் என்று இருந்தது. பெரிய வேலையில் ஃபைல்களைப் படித்துப் படித்தே அது நிரம்பிவிடும். நிரம்பினால் ஒன்று, நடந்ததை அதுவே சுருக்கிக்கொண்டு தொடரும். அல்லது நாம் புதுச் செஷன் ஆரம்பிக்க வேண்டும். புதுச் செஷனுக்கு நேற்று நாம் நாலு மணி நேரம் பேசியது எதுவும் தெரியாது. ஃபைலில் எழுதி வைத்திருப்பதுதான் தெரியும்.

2005-இல் வந்த 'கஜினி' படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சஞ்சய் ராமசாமிக்கு 15 நிமிஷத்துக்கு மேல் ஞாபகம் நிற்காது. உடம்பில் பச்சை குத்தியிருப்பதையும் போட்டோவில் எழுதியிருப்பதையும் படித்துத்தான் அடுத்த காரியத்தில் இறங்குவார். அந்தப் பச்சையில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்திருந்தால்? துளிச் சந்தேகமும் இல்லாமல் தப்பான ஆளைப் போய் அடித்திருப்பார். ஏஜென்ட்டின் நிலைமையும் அதுதான். குறிப்பு இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது வாய்ப்புண்டு. தப்பான குறிப்பு இருந்தால் முழு நம்பிக்கையோடு தப்பு செய்யும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பால் சொசைட்டியின் பட்டுவாடாக் கணக்கு ஃபாக்ஸ்புரோவில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் புதிதாக எழுதும் வேலை எனக்கு வந்தது. பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பல்லாத திடப்பொருளையும் வைத்து. இந்த எஸ்.என்.எஃப்.பை லேக்டோமீட்டர் டிகிரியிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் ஒரு சூத்திரம் போட்டு எடுப்பார்கள். அதன் கடைசியில் கூட்டுகிற எண் இடத்துக்கு இடம் மாறும். இந்தச் சொசைட்டியில் 0.44. ஏஜென்ட் முதல் நாளே கேட்டது, "0.36 என்றும் ஒரு எண் பார்க்கிறேன், எதைப் போடட்டும்?" என்று. "இங்க 0.44 தான், அதை மாத்தாதே" என்று பதில் கொடுத்தேன். சரியாகப் போட்டது.

சாயங்காலம் செஷன் நிரம்பிவிட்டது. அவசரமாக "சுருக்கம் எழுது" என்றேன். "எஸ்.என்.எஃப். கணக்கு முடிந்தது. டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று எழுதியது. நானும் படித்துப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போனேன். கவனியுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. 0.44 ஏன் என்ற காரணம் மட்டும் இல்லை.

மறுநாள் புதுச் செஷன். ஃபோல்டரில் கிடந்த ஏதோ ஒரு பழைய கையேட்டில் 0.36 என்று இருந்தது. 0.44 பிழை என்று அது முடிவு கட்டி, "திருத்தி", டெஸ்டையும் அதற்கேற்ப மாற்றிவிட்டது. எல்லாம் பாஸ். நான் கவனிக்கவில்லை.

சோதனைப் பில்லை அச்சடித்துச் சொசைட்டி செயலாளரிடம் கொடுத்தேன். ஓய்வு பெறப் போகிறவர். பழைய பில்லைப் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து கேட்டார்: "சார், ஒரே நாள்ல ஊர் மாடெல்லாம் சேர்ந்து தண்ணி குடிச்சிருச்சா?"

எல்லோருக்கும் எஸ்.என்.எஃப். ஒரே சீராக 0.08 குறைந்திருந்தது. பெரும்பாலானவர்கள் விலைப்பட்டியலில் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்கள். லிட்டருக்குச் சில்லறைதான். ஆனால் இரண்டு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிற அம்மாவுக்கு அது பத்து நாளும் சேர்ந்த காசு. காசைவிட, "சொசைட்டியில அடிக்கிறாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதை எந்த சாப்ட்வேராலும் திருத்த முடியாது. அன்றைக்கு அவர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். மெஷின் மேல் நான் பழி போடவில்லை. காரணத்தை வாயால் சொல்லிவிட்டு எழுதாமல் விட்டவன் நான்.

இது காசோடு போயிற்று. உயிரோடு போன கதையும் உண்டு. 1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. பகல் ஷிப்டில் ஒரு பம்பைப் பராமரிப்புக்காக நிறுத்தி, அதன் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடியைப் போட்டு வைத்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோனதும், வால்வு கழற்றிய அந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். 1990-இல் வெளிவந்த கல்லன் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகள் சொன்னது. "இது இன்னும் முடியவில்லை" என்ற ஒரு செய்தி கை மாறவில்லை.

ஆகவே இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். மாணவர்கள் வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, நிரந்தர விதிகளை ஒரு ஃபைலில் வைப்பேன். பல ஏஜென்ட்டுகளில் அதை ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்பார்கள். ஒவ்வொரு செஷனும் அதைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். அது சுருக்கமாக இருக்க வேண்டும். அன்றாட ஒப்படைப்புக் குறிப்பு வேறு. அது தினமும் மாறும். இரண்டையும் கலக்கக் கூடாது. பாஸ்வேர்டு எதிலும் எழுதக் கூடாது.

இரண்டாவது, ஒப்படைப்புக் குறிப்பில் "முடிந்தது" என்ற சொல் தனியாக நிற்கக் கூடாது. எந்தக் கட்டளையை ஓட்டி, என்ன விடை வந்ததால் முடிந்தது என்று இருக்க வேண்டும். பார்த்து உறுதி செய்தது வேறு, அப்படி இருக்கலாம் என்று நினைப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்வேன்.

மூன்றாவது, முயன்று தோற்றதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் புதுச் செஷன் அதே சுவரில் போய் மறுபடி முட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் காரணம், யார் சொன்னது என்பதும் வேண்டும். "0.44, சொசைட்டியின் நடைமுறை, செயலாளர் சொன்னது, மாற்றாதே." இந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்று எனக்குத் தலைகுனிவு இல்லை.

நான்காவது, கடைசி நிமிஷத்தில் எழுதக் கூடாது. பாதி தாண்டியதுமே எழுத ஆரம்பித்து, வேலை நகர நகரத் திருத்திக்கொண்டே வர வேண்டும். செஷனை மூடும் முன் அதுவரை செய்ததை கிட்டில் கமிட் செய்துவிட வேண்டும். காலாவதியான வரிகளை அடித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, இதுதான் முக்கியம். புதுச் செஷன் குறிப்பைப் படித்ததும் வேலையைத் தொட விடமாட்டேன். "என்ன புரிந்தது, அடுத்து என்ன செய்யப் போகிறாய், சொல்லு" என்று கேட்பேன். அது தப்பாகச் சொல்கிற இடம், திருப்பிக் கேட்கிற இடம் எல்லாம் என் குறிப்பில் இருக்கிற ஓட்டைகள். அதன்பிறகு டெஸ்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பம். டெஸ்டையே மாற்ற வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டும்.

இதில் புதுசு என்ன என்று நர்ஸாக வேலை பார்க்கிற தோழிகள் கேட்கலாம். புதுசு ஒன்றும் இல்லைதான். நாம் மனிதர்களோடு வேலை செய்தபோது, பக்கத்து மேஜைக்காரருக்கு ஞாபகம் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதாமலே ஓட்டிவிட்டோம். ஞாபகமே இல்லாத ஒரு வேலைக்காரன் வந்தபிறகுதான் நம் சோம்பல் தெரிகிறது.

அந்தப் பால் சொசைட்டி வேலை நல்லபடி முடிந்தது. பில் கொடுக்கப் போனபோது செயலாளரிடம் கேட்டேன், "அந்த 0.44 எதிலாவது எழுதி இருக்கா சார்?" சிரித்தார். "எனக்கு முன்னால இருந்தவர் சொன்னார், நான் போட்டுட்டு வரேன்" என்றார். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் நாலு நாள் அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைந்தது. அந்த நோட்டு இப்போது சொசைட்டி அலமாரியில் இருக்கிறது. அதன் நகல் ஏஜென்ட் படிக்கிற ஃபோல்டரிலும் இருக்கிறது.

மாணவர்களே, வேலைக்குப் போன முதல் வாரம் உங்கள் சீட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன குறிப்பைத் தேடுவீர்கள். பெரும்பாலும் இருக்காது. நீங்கள் எழுந்து போகும்போது ஒன்று வைத்துவிட்டுப் போங்கள்.