பளபளக்கும் கேனுக்குள் என்ன இருக்கு?

டர்போ கார் வைத்திருப்பவர்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாய்க்குள் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆயில் பிசுக்கு ஒட்டும்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியத்தான் செய்யும். கிராங்க்கேஸில் ஆயில் துளியும் நீராவியும் அதோடு சேரும். இதை வெளியே விடாமல் எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் ஏற்பாடு, கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலேயே வந்துவிட்டது. காற்றுக்கு நல்லது, ஆனால் டர்போவில் அந்த ஆயில் இன்டர்கூலர் வரை போய்ப் படிகிறது. வழியில் மறித்துப் பிடிக்கத்தான் கேட்ச் கேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருவர் பளபளவென்று அலுமினியக் கேன் மாட்டிக்கொண்டு வந்தார். "கேன் போட்டும் பைப்பில ஆயில் வருதுங்களே!" என்றார். மூடியைத் திறந்தால் வெறும் டப்பா! உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் மேலே பக்கத்துப் பக்கத்தில். வந்த வாயு நிற்காமல் போயிருக்கிறது. வரும் குழாயைக் கீழே நீட்டி, நடுவே தடுப்புத் தகடு வைத்து, அதற்கு மேல் துருப்பிடிக்காத எஃகுச் சுருளை நிரப்பினோம். சோற்றுப் பானை மூடியில் ஆவி துளியாவதுபோல ஆயில் சுருளில் பட்டுச் சொட்டும். பாத்திரம் தேய்க்கும் சுருளா என்று சிரிக்காதீர்கள், அதே ஜாதிதான்! உதிராததாகப் பார்த்து, துளையிட்ட தகட்டால் அழுத்தி வைக்க வேண்டும். ஒரு இழை உதிர்ந்தாலும் நேரே டர்போ வாய்க்குள் போகும். அடுத்த சர்வீஸில் அடித்திருகைத் திறந்தோம். காப்பி நிறத்தில் ஆயிலும் தண்ணீரும் இறங்கின. கேனுக்கு அந்தப் பக்கம் பைப்பில் பிசுக்கே இல்லை.

மாட்டும்போது, கேன் டர்போ சூட்டுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஹோஸ் ஆயிலுக்கு ஊறாத ரகமாக, தொய்வில்லாமல், கம்பெனிக் குழாயைவிடக் குறுகாமல் இருக்கட்டும். கேனிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் கிளையில் ஒருவழி வால்வு கட்டாயம்; இல்லையென்றால் டர்போ அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் பாயும். டர்போவின் ஆயில் தன் எடையில்தான் சம்ப்புக்கு இறங்குகிறது. கீழே அழுத்தம் ஏறினால் இறங்காது; சீல் வழியே கசிந்து, சைலன்சரில் நீலப் புகை வரும்.

உங்கள் கேன் சீக்கிரம் சீக்கிரம் நிறைகிறதா? பெரிய கேன் தேடி அலையாதீர்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்; முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். உங்கள் வண்டிக்கு அந்த நிலை வராமல் இருக்கட்டும்.