ஸ்பிரிட் பாட்டில்

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். அதைப் பார்த்து நாம் புண்ணில் ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம், சதை கெடும். சோப்பும் தண்ணீரும் போதும். தெர்மாமீட்டர், நகவெட்டி துடைக்க ஸ்பிரிட் நல்லது. 100-க்கு 70 பங்கு ஆல்கஹால், மீதி தண்ணீர் இருந்தால்தான் கிருமி நன்றாகச் சாகும். அடுப்பருகே திறக்காதீர்கள்.

காய்ச்சல் பிள்ளைக்கு மட்டும் தேய்க்கவே தேய்க்காதீர்கள். என் மூத்த மகனுக்கு நானே தேய்த்திருக்கிறேன்; அன்று பலரும் செய்ததுதான். கர்த்தர் காத்தார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே ஏறும்; பிள்ளை மயங்கிவிடும், சர்க்கரை இறங்கி வலிப்பும் வரலாம். மெல்லிய துணி உடுத்தி, குடிக்கக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். பணமில்லையே என்று வீட்டில் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் செலவுக்குத்தான் சபையார் காணிக்கை அனுப்புகிறார்கள்.

ஜெபிப்போம்.