மலையேறும் புழுதி



பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகல் வேளையில், கோத்தகிரிச் சரிவில் நின்று மேட்டுப்பாளையத்துச் சமவெளியை நோக்குவோருக்கு, ஊர்களும் தோப்புகளும் ஒரு மங்கலான திரைக்குப் பின்னே மறைந்திருப்பது பழகிய காட்சி. அத்திரையில் புகையும் உண்டு. ஈரம் வற்றிய நிலங்களிலிருந்து எழுந்த நுண்ணிய மண்ணும் உண்டு. தரையில் கிடக்க வேண்டிய மண் மலைமேல் ஏறுவது எங்ஙனம்?

காற்று வேகங்கொண்டதும் முதலில் அசைவன மணற்பருக்கைகளே; அவை துள்ளித் துள்ளி விழும் வேகத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் தூசியைப் பெயர்த்துக் கிளப்பிவிடுகின்றன. மணல் அருகிலேயே தங்கிவிட, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களோ பல நாள் ஆகாயத்தில் சஞ்சரிக்க வல்லவை. பகலில் சூரிய வெப்பத்தால் மலைச்சரிவு சூடேறி, அதைத் தொட்ட காற்று இலேசாகிச் சரிவை ஒட்டியே மேலெழும்போது, கீழிருந்து தொடர்ந்து ஏறும் காற்று அத்தூசியையும் உடன் கொண்டு செல்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கீழிறங்கும், ஏற்றமும் நின்றுவிடும்.

இந்த இயற்கை நியதியின் விசுவரூபத்தை வடக்கே காணலாம். பருவமழைக்கு முந்திய மாதங்களில் தார்ப் பாலைவனத்தில் எழும் புழுதி, கங்கைச் சமவெளியைக் கடந்து, இமயத்தின் தென்சரிவுகளில் ஏறி, வெண்பனியின்மேல் படிகிறது. வெண்மை மங்கிய பனி, சூரிய ஒளியைத் திருப்பியனுப்பாமல் தன்னுள் வாங்கி, விரைந்து உருகுகிறது.

கொங்கு நாடு பாலைவனமன்று. ஆயினும் மேற்கு மலைகளின் மழைமறைவுப் பிரதேசம். ஆனி, ஆடி மாதங்களில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் மேல்காற்று, பல்லடம், உடுமலைப் பக்கங்களில் வெற்றுச் செம்மண்ணை வாரிச் செல்கிறது. காங்கயம் வட்டாரத்துக் குடியானவர்கள் மாடுகளின் மேய்ச்சலுக்கென்று பேணிவந்த கொறங்காடுகள் இக்காற்றுக்கும் அணையாக நிற்கின்றன: நாற்புறமும் கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். அவ்வேலியின் அடியில் மாவைப்போல் மெத்தென்று குவிந்திருக்கும் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். காற்று தூக்கி வந்ததை வேலி இறக்கி வைத்திருப்பது விளங்கும்.

இன்று கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்காலும் கம்பியும் நடுகிறோம். கம்பி ஆட்டைத் தடுக்குமேயன்றிக் காற்றைத் தடுக்காது. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல தலைமுறைக் காலம் வேண்டும். அதை இழக்கச் சில ஆடி மாதங்கள் போதும். ஆதலால் நிலமுடைய நேயர்கள் இருக்கின்ற கிளுவையைக் காப்பதோடு, அடுத்த மழைக்கு வரப்போரத்தில் புதிய போத்துகளையும் ஊன்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.