பதினேழு ஆண்டில் மலர்ந்த பூ

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

பூவின்றி நமக்குப் பூசையில்லை. விடியற்காலையிற் குடலையை எடுத்துச் சென்று பூக்கொய்து வருதல் நம் இல்லங்களிற் பிள்ளைகளுக்கு முதலிற் கொடுக்கப்படும் திருப்பணியாகும். ஆயினும், கொய்யும் பூவுக்கு அந்த நிறமும் அளவும் எவ்வாறு அமைந்தன என்று நாம் கேட்பதில்லை. இறைவன் படைப்பு என்று சொல்லி அமைந்துவிடுகின்றோம். அது முற்றிலும் உண்மையே. ஆனால், இறைவன் படைத்த சில பூக்களைக் கொண்டு, அவன் தந்த அறிவையும் பொறுமையையும் துணையாகக் கொண்டு, மனிதன் வேறொரு பூவை உண்டாக்கியதும் உண்டு. அத்தகைய ஒரு பூவின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அதன் பெயர் சாஸ்தா டெயிசி. அதனை உண்டாக்கியவர் லூதர் பேர்பாங்க் என்னும் அமெரிக்கர்.

பெயரைக் கேட்டதும் நம் ஐயனாரை நினைத்துச் சிலர் புன்னகை செய்கின்றீர்கள். இந்தச் சாஸ்தா கலிபோர்ணியாவின் வடபாகத்திலுள்ள ஒரு மலை. பதினாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து, பனி மூடி, வெள்ளை வெளேரென்று நிற்பது. அந்த வெண்மையைத் தமது பூவிற் கண்டவர், மலையின் பெயரையே பூவுக்குச் சூட்டினார்.

முதலில் டெயிசி என்பது எத்தகைய பூ என்று அறிந்துகொள்வோம். நம் வேலியோரங்களிலே மூக்குத்திப் பூண்டு வளர்வதைக் கண்டிருப்பீர்கள். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். டெயிசியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சூரியகாந்தியும் செவ்வந்தியும் அதே குடும்பத்தன. இந்தக் குடும்பத்துப் பூக்களில் ஒரு விந்தை உண்டு. நாம் ஒரு பூ என்று கருதுவது உண்மையில் ஒரு பூ அன்று; அது ஒரு கூட்டம். நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் மகரந்தமும் உண்டு, சூலகமும் உண்டு. சுற்றியுள்ள வெள்ளை இதழ் ஒவ்வொன்றும் தனித்தனி ஒரு பூவே. டெயிசியில் அவற்றுக்குச் சூலகம் மட்டும் உண்டு, மகரந்தம் இல்லை. நூறு பேர் சேர்ந்து ஒரு முகமாய்த் தோன்றுவது இந்தப் பூ. சங்கம் நடத்துவோர்க்கு இதைவிடச் சிறந்த உவமை வேண்டுமோ?

பேர்பாங்க் 1849ஆம் ஆண்டு மார்ச் 7ஆந் திகதி, மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள லங்காஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளிற் பதின்மூன்றாமவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராய் மிதித்தவரல்லர். டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் ஏற்படும் மாறுபாடுகள் பற்றிய நூல் இளமையிலேயே அவர் கைக்குக் கிடைத்தது. அதுவே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

ஒரு நாள் தமது தோட்டத்து உருளைக்கிழங்குச் செடியில் ஒரு காயைக் கண்டார். அவ்வினம் காய்ப்பது அரிது. அதனுள் இருந்தவை 23 விதைகள். அவற்றை நட்டுக் கிடைத்த செடிகளிற் சிறந்ததைத் தெரிந்தெடுத்து, அதன் உரிமையை 150 டொலருக்கு விற்றார். அந்தக் கிழங்கிற் பத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு 1875இற் கலிபோர்ணியாவுக்குப் புறப்பட்டார். சாந்தா ரோசா என்னும் ஊரிலே குடியேறி, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட புதிய தாவர வகைகளை உண்டாக்கினார். அந்த உருளைக்கிழங்கின் வழிவந்த வகை இன்றும் அமெரிக்காவிற் பெருவாரியாகப் பயிரிடப்படுகின்றது.

இனி நம் பூவுக்கு வருவோம். பேர்பாங்க் பிறந்த மாநிலத்தின் வயல்களில் மாட்டுக்கண் டெயிசி என்று சொல்லத்தக்க ஒரு செடி தானாகவே முளைத்துக் கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்து பரவிய செடி அது. உழவர்கள் அதனைக் களையென்று வெறுத்தனர். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. பேர்பாங்கோ அதனைச் சிறுவயது முதலே விரும்பினார். பிடுங்கினாலும் சாகாத அந்த உறுதியை நல்ல பூவுக்குக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார். களையிலே குற்றத்தைக் கண்டவர் பலர். குணத்தைக் கண்டவர் ஒருவர்.

1884இல் வேலை தொடங்கியது. தமக்கு வேண்டிய பூ எது என்பதை முதலிலேயே மனத்தில் வரைந்துகொண்டார். பூ பெரிதாயிருத்தல் வேண்டும்; பாலினும் வெண்மையாயிருத்தல் வேண்டும்; தண்டு நீண்டு உறுதியாயிருத்தல் வேண்டும்; கொய்து நீரில் வைத்தாற் பலநாள் வாடாதிருத்தல் வேண்டும்; எந்த நிலத்திலும் வளர்தல் வேண்டும். இத்தனையும் ஒரு செடியில் இல்லை. மாட்டுக்கண் டெயிசியில் உறுதியும் மிகுதியாகப் பூக்கும் தன்மையும் உண்டு. ஆனாற் பூ சிறிது. இங்கிலாந்திலிருந்து பெற்ற மற்றொரு டெயிசியிற் பூ பெரிது. போர்த்துக்கல் நாட்டு டெயிசியும் அத்தகையதே. ஒன்றின் குணத்தை மற்றொன்றோடு சேர்ப்பதற்கு ஒரே வழி, மகரந்தச் சேர்க்கை.

இதனைச் செய்யும் முறையையும் சொல்லிவிடுகின்றோம். சுற்றுப் பூக்களுக்கு மகரந்தம் இல்லையென்று சொன்னோம் அல்லவா? நடுவிலுள்ள பூக்கள் விரிந்து தம் மகரந்தத்தைச் சிந்துமுன், வேறு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்துச் சுற்றுப் பூக்களின் சூல்முடியில் தடவிவிடுதல் வேண்டும். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தம் விருப்பப்படி வேறு மகரந்தத்தைக் கொண்டுவராதபடி பூவை மூடிவைத்தல் வேண்டும். பின் விதை முற்றும்வரை காத்திருந்து, எடுத்து விதைத்து, முளைத்த செடி பூக்கும்வரை மறுபடியும் காத்திருத்தல் வேண்டும். செய்யும் வேலை சில நிமிடம்; காத்திருக்கும் காலம் மாதக்கணக்கு, சில வேளை ஆண்டுக்கணக்கு.

அதன்பின் வருவதே கடினமான பகுதி. கலப்பிற் பிறந்த செடிகளை மீண்டும் தம்முட் சேர்த்து அடுத்த தலைமுறையை எடுக்கும்போது, ஒன்றுபோல் ஒன்று இராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்றிற் பூ பெரிது, தண்டு வளைவு. மற்றொன்றில் தண்டு நேர், வெண்மையிற் குறைவு. ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பார்த்து, நல்லன சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைக் களைந்தெறிந்தார் பேர்பாங்க். வைத்துக்கொண்டவற்றிலிருந்து மறுபடி விதை, மறுபடி ஆயிரம், மறுபடி தெரிவு. இவ்வாறு ஆண்டுகள் பல சென்றன. பூ பெரிதாயிற்று, தண்டு உறுதியாயிற்று. வெண்மை மட்டும் அவர் மனத்துக்கு நிறைவாக வரவில்லை.

பார்த்தவர்கள் பாராட்டினர். போதும் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. யப்பான் நாட்டிலிருந்து ஒரு டெயிசியை வரவழைத்தார். அதன் பூ சிறிதாயினும் கண்ணைப் பறிக்கும் வெண்மையுடையது. அதன் மகரந்தத்தைத் தம் செடிகளோடு சேர்த்தார். அதன் பின் வந்த சந்ததிகளுள் ஒன்றிலே அவர் தேடிய பூ மலர்ந்தது. 1901இற் சாஸ்தா டெயிசி உலகுக்கு வழங்கப்பட்டது. தொடங்கிய நாள் முதல் பதினேழு ஆண்டுகள்.

இங்கே ஒன்றை நன்கு கவனியுங்கள். கலப்பற்றதே தூயது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இந்தப் பூவின் வரலாறு அதற்கு மாறாக இருக்கின்றது. நாலு நாட்டுச் செடிகளைச் சேர்த்த பின்பே அந்தத் தூய வெண்மை கிடைத்ததென்று பேர்பாங்க் சொல்கின்றார். ஒவ்வொன்றும் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. எதுவும் தனித்து நின்று அதனை அடையவில்லை.

பெற்ற பூவைக் காப்பது எவ்வாறு? கலப்பினத்தின் விதையை விதைத்தால் தாயைப்போலவே பிள்ளை வருமென்று உறுதியில்லை. நல்ல ஒட்டுமாமரத்தின் கொட்டையைப் புதைத்துவிட்டு, அதே சுவையுள்ள பழத்தை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். ஆகவே, வாழைக்குட்டியைப் பிரித்து நடுவதுபோல, டெயிசிப் புதரையும் வேரோடு பிரித்துப் பிரித்து நடுகின்றார்கள். பதினேழு ஆண்டு உழைப்பின் பயன் இவ்வாறு ஒரு பிற்பகல் வேலையால் அயல்வீட்டுக்குப் போய்விடுகின்றது. அக்காலத்தில் புதிய தாவரத்தை உண்டாக்கியவர்க்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவில் அதற்கென ஒரு சட்டம் 1930இலேயே வந்தது. பேர்பாங்க் 1926 ஏப்பிரில் 11ஆந் திகதியே காலமாகிவிட்டார்.

அவரைப் புகழ்வதோடு நிறுத்துவது அறிவுடைமையாகாது. அவரிடம் ஒரு குறை இருந்தது. எந்தச் செடியோடு எதை, எப்போது சேர்த்தார் என்பதை ஒழுங்காக எழுதிவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. 1905 முதல் கார்ணெகி நிறுவனம் ஆண்டுக்கு 10,000 டொலர் உதவி, அவர் முறைகளை எழுதிக்கொள்ள ஜோர்ஜ் ஷல் என்னும் விஞ்ஞானியையும் அனுப்பியது. குறிப்புகள் போதாமையால் அம்முயற்சி எண்ணியபடி நிறைவேறவில்லை. சில ஆண்டுகளில் உதவியும் நின்றது. இன்றைய தாவரவியலாளர், சாஸ்தா டெயிசியை இரண்டு இனங்களின் கலப்பென்றே பெயரிட்டு வழங்குகின்றனர். யப்பான் செடியை வேறொரு சாதியில் வைத்துள்ளனர். பேர்பாங்க் சொன்ன நாலு பெற்றோருக்கும் ஏட்டுச் சான்று இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமிராது. அதே நூற்றாண்டில் மெண்டல் என்னும் துறவி, தமது மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளை ஒவ்வொன்றாய் எண்ணி எழுதி, 1866இல் வெளியிட்டார். 1900இல் உலகம் அதன் பெருமையை உணர்ந்தது. பிறப்புரிமையியல் என்னும் விஞ்ஞானம் அதன்மேல் எழுந்தது. ஒருவர் பூவைத் தந்தார். மற்றவர் விதியைத் தந்தார். கண்ணும் கையும் மட்டும் போதா, ஏடும் வேண்டும். நமது சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைச் சுமையென்று கருதும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இன்னுமொன்று சொல்லவேண்டும், இன்று நாம் பேச வந்ததன் முக்கிய நோக்கமும் அதுவே. 1907இற் பேர்பாங்க் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மனிதரையும் செடியைப்போலப் பண்படுத்தலாம் என்பது அதன் கருத்து. பிள்ளைகளுக்கு நல்ல உணவும், வெயிலும், காற்றும், அன்பும் வேண்டும் என்று அவர் கூறியது பொன்போன்ற வார்த்தை. ஆயின், சூழ்நிலையாற் பெற்ற பண்பு பரம்பரையாய் இறங்கும் என்று அவர் கொண்ட கொள்கையைப் பிற்காலப் பிறப்புரிமையியல் ஏற்கவில்லை. மனிதரிலும் நல்லினத்தைத் தெரிந்தெடுத்து மற்றவரை விலக்கலாம் என்று அந்நூற்றாண்டிற் பலர் கருதினர். அக்கருத்து எத்தகைய கொடுமையில் முடிந்தது என்பதை 1933 முதல் 1945 வரை ஜேர்மனியில் நடந்தவை காட்டின.

தோட்டத்தில் ஆயிரம் நாற்றைக் களைந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். செடி எப்படியிருத்தல் வேண்டும் என்று தீர்மானிப்பவன் தோட்டக்காரன். பிள்ளை எப்படியிருத்தல் வேண்டும் என்று தீர்மானித்து, அந்த அளவுக்கு வராத பிள்ளையைக் களைந்துவிட நாம் யார்? பெரியோர்களே, நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இது நடக்கவில்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சோதனையில் ஒருமுறை தவறிய பிள்ளையை எதற்கும் உதவாதவன் என்று ஒதுக்குகின்றோம். முதற் பாத்தியிலேயே பிடுங்கி எறிகின்றோம். உழவர்கள் களையென்று எறிந்த செடியிலிருந்தே உலகம் கொண்டாடும் பூ பிறந்தது என்பதை அப்போது நினைவுகூர்தல் நன்று.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஓராண்டு வேலைசெய்து பலன் காணாவிட்டாற் சங்கத்தைவிட்டு விலகுகின்றீர்கள். நூல்நிலையம் இரண்டாம் ஆண்டில் நிறையவில்லையென்று சலிக்கின்றீர்கள். பதினேழு ஆண்டு ஒரு பூவுக்காகக் காத்திருந்த மனிதனை எண்ணுங்கள். அவர் சும்மா காத்திருக்கவில்லை. ஒவ்வோராண்டும் விதைத்தார், பார்த்தார், குறையைக் கண்டார், மறுபடி விதைத்தார். பரமஹம்ச யோகானந்தர் 1946இல் வெளியிட்ட தமது சுயசரிதையை இந்தத் தோட்டக்காரரின் நினைவுக்கே உரித்தாக்கினார். துறவியொருவர் உழவுத் தொழிலாளரிடம் கண்ட தவம் யாதென்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டு முற்றத்திற் செவ்வரத்தை நிற்கின்றதா? விதை பிடிக்கும் வகையானால், காலையில் விரிந்த பூவின் ஐந்து முடிகளிலும் மற்றொரு நிறத்துப் பூவின் மகரந்தத்தைத் தடவி, ஒரு நூலைக் கட்டி, நாளையும் செடியையும் ஏட்டிற் குறித்து வையுங்கள். பத்துப் பூவில் ஒன்று காய்க்கலாம். ஒன்றும் காய்க்காமலும் போகலாம். காய்த்து, முளைத்து, பூத்து வருவது அதுவரை உலகில் எவரும் காணாத ஒரு பூ. அதனை முதலில் யாருடைய திருவடியிற் சாத்துவது என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.