பணம் வந்தால்தான் சம்பளமா?

(தோட்ட மாதர் தலைவிமாருக்கான சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



மழையில் நனைந்துகொண்டு மலையிலிருந்து நேரே வந்திருக்கிறீர்கள். வீட்டில் இராச்சாப்பாட்டு வேலையும் காத்திருக்கும். அதனால் நீட்டிப் பேசமாட்டேன்.

ஒரு வேலையை அரசாங்கம் தானே செய்யாமல், ஒப்பந்தம் எழுதி இலாப நோக்கற்ற நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கிறதே, அதைப்பற்றித்தான் பேசச் சொன்னார்கள். நமக்கு இது புதிதல்ல. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன காலத்தில், வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றைப் பார்ப்பதற்காக அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து ஒரு நிதியத்தை அமைத்தன. நாம் 'ட்ரஸ்ட்' என்று சொல்வது அதைத்தான். அதற்கு வெளியே, இரண்டு வருடம், மூன்று வருடம் என்று 'புரொஜெக்ட்' கொண்டுவரும் அரச சார்பற்ற நிறுவனங்களும் இருக்கின்றன.

எங்கள் லயத்துப் பிள்ளை ஒருத்தி அப்படியொரு புரொஜெக்ட் முன்பள்ளியில் உதவியாளராக இருந்தாள். எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. நான்கு மாதம் கொடுப்பனவு வரவில்லை. கேட்டால், "மேலேயிருந்து இன்னும் பணம் வரவில்லை, வந்ததும் தருவோம்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களும் கெட்டவர்கள் அல்ல, அவர்களுக்கும் சம்பளம் வந்திருக்கவில்லை. ஐந்தாம் மாதம் அவள் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். முன்பள்ளியும் மூடப்பட்டது. அவளுடைய நியமனக் கடிதத்தைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். "திட்ட நிதி கிடைக்கும் பட்சத்தில்" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவில் இலினோய் மாநிலம் காட்டியது. மே தினத்துக்குக் காரணமான சிக்காகோ நகரம் இருக்கிற அதே மாநிலம்தான்.

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு, போதை மறுவாழ்வு, ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்ப்பது போன்ற வேலைகளில் பெரும்பகுதியை மாநில அரசுகள் இலாப நோக்கற்ற நிறுவனங்களிடம் கொடுத்திருக்கின்றன. நிறுவனம் முதலில் வேலையைச் செய்யவேண்டும், பிறகு பில் அனுப்பவேண்டும், அதன் பிறகுதான் மாநிலம் காசு கொடுக்கும். 2015 ஜூலையில் இலினோயின் ஆளுநருக்கும் சட்டசபைக்கும் இழுபறி வந்து, வரவு செலவுத் திட்டம் நிறைவேறாமல் போனது. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, 2017 ஜூலை வரை, இரண்டு வருடம் முழுமையான வரவு செலவுத் திட்டம் இல்லை.

அங்கே லூதரன் சமூக சேவை அமைப்பு என்ற பழைய, பெரிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. மாநிலம் அதற்குக் கொடுக்கவேண்டிய நிலுவை மட்டும் 60 இலட்சம் டொலருக்கு மேல். 2016 ஜனவரியில் அது 30 சேவைகளை மூடி, 750க்கும் அதிகமான வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதியென்றால் சின்ன நிறுவனங்களைப் பற்றிக் கேட்கவேண்டுமா? மாநிலம் கட்டாமல் வைத்திருந்த பில்களின் தொகை 2017 நவம்பரில் 1,600 கோடி டொலரையும் தாண்டியது.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அதே இரண்டு வருடமும் மாநிலத்தின் நேரடி ஊழியர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. அவர்களுடைய சங்கங்கள் முதல் மாதமே நீதிமன்றம் போய், சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டன. நிறுவனங்களும் பிறகு, 2016 மே மாதம், ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டன. தள்ளுபடியானது. காரணம் ஒப்பந்தத்திலேயே இருந்தது: சட்டசபை நிதி ஒதுக்கினால்தான் பணம். செய்து முடித்த வேலைக்கும் அதே கதைதான். எங்கள் லயத்துப் பிள்ளையின் கடிதத்தில் இருந்த வரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சங்கம் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். அரச ஊழியர்களின் நிலுவைச் சம்பள உயர்வு வழக்கில், நிதி ஒதுக்கப்படாததால் அது கிடையாது என்று 2016 மார்ச்சில் அதே மாநிலத்தின் உயர் நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வரி அவ்வளவு பலமானது.

இலினோயில் நல்ல சட்டமும் இருந்தது. பில் கொடுத்து 90 நாள் தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. ஆனால் அந்த வட்டி எப்போதோ ஒரு நாள் வரும். ஆயாவின் வீட்டு வாடகை மாதா மாதம் கட்டவேண்டியது. நியூயோர்க் மாநிலம் இன்னும் கொஞ்சம் முன்னே போனது. நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தங்களை இத்தனை நாளுக்குள் எழுதி முடிக்கவேண்டும், பிந்தினால் வட்டி என்று 1991இலேயே சட்டம் போட்டது. அப்படியிருந்தும் சில வருடங்களில் பாதிக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் பிந்தியே முடிந்தன. ஆனாலும் ஒரு நன்மை உண்டு. எத்தனை பிந்தின என்று அந்த மாநிலத்தின் கணக்குக் கட்டுப்பாட்டாளர் வருடா வருடம் எழுதி வெளியிடுகிறார். மறைக்க முடியாது. என்னைக் கேட்டால் வட்டியைவிட அதுதான் பெரிய காரியம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொழுந்துக்குக் காசு தருவேன், சாக்குக்கும் தராசுக்கும் லொறிக்கும் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும்? பிள்ளைக்குப் பால்மா வாங்கப் பணம் தருவார்கள். கணக்கு எழுதுகிறவருக்கும் கரண்ட் பில்லுக்கும் தரமாட்டார்கள். அமெரிக்க மத்திய அரசு இதற்கு 2014இன் இறுதியில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் பணம் மாநிலங்கள் வழியாக நிறுவனங்களுக்குப் போகும்போது, நிர்வாகச் செலவுக்குக் குறைந்தது 10 சதவீதமாவது சேர்த்துக் கொடுக்கவேண்டும். 2024 அக்டோபரில் அதை 15 சதவீதமாக உயர்த்தினார்கள். முழுச் செலவையும் கொடுக்காவிட்டால் அந்தக் குறை எங்கே போய் விழும்? கடைசியில் நிற்கிறவளின் சம்பளத்தில்தான்.

"அது சேவைதானே, சேவைக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று நம்மவர்களே கேட்பதுண்டு. பெண்கள் பார்க்கும் வேலைக்குத்தான் பெரும்பாலும் இந்தப் பெயர் வைக்கிறார்கள். லொறி ஓட்டுகிறவரை யாரும் சேவை செய்யச் சொல்வதில்லை.

நாம் மலையில் வேலை செய்தால் 10ஆம் திகதி சம்பளம் வந்தாகவேண்டும். தேயிலை விலை இறங்கினாலும் துரை அதைக் காட்டித் திகதியைத் தள்ள முடியாது. பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஒரு நிறுவனம் நம் தோட்டத்துக்கு வரும்போது வரவேற்போம். ஆனால் தோட்டக் கமிட்டி கைதட்டுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்க்கவேண்டும். முன்பணம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, பணம் பிந்தினால் சம்பளத்தை யார் கொடுப்பது, ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுமா, புரொஜெக்ட் முடிந்த பிறகு முன்பள்ளியை யார் ஏற்பது? இவற்றுக்கு வாயால் சொல்லும் பதில் போதாது. பதில் எழுத்தில் இல்லாவிட்டால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலும் முன்பள்ளியிலும் வேலை செய்கிறவர்களின் நியமனக் கடிதப் பிரதிகளைக் கொண்டுவாருங்கள். கடிதமே தரப்படவில்லை என்றால், கடைசியாகக் கொடுப்பனவு கிடைத்த திகதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிவாருங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து வரி வரியாக வாசிப்போம்.