நோய் நீங்கிய பின்னும் நலம் விசாரிப்போம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக!



2021 மே மாதத்தை எவரும் மறந்திருக்க முடியாது. தமிழகத்தில் ஒரே நாளில் 36,000க்கும் அதிகமானோருக்குக் கொரோனா உறுதியான காலம் அது. ஆக்ஸிஜன் படுக்கைக்காக அலைந்த குடும்பங்கள், நோயாளி வீடு திரும்பியதும் 'அல்ஹம்து லில்லாஹ்' என்றன. சோதனை அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

காவிரிப் பாசனத்தில் வாழும் நாம் அறிவோம்: தேங்கிய வெள்ளம் வடிந்த மறுநாளே சம்பாப் பயிர் நிமிர்ந்துவிடுவதில்லை. உடலும் அவ்வாறே. கடுமையான நிமோனியா நுரையீரலில் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். வாரக்கணக்கில் படுத்திருந்தால் தசைகள் மெலிகின்றன. கொரோனாவுக்குப் பின் மூச்சிரைப்பும் அசதியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிப்பதைத் தனியொரு நோய்நிலையாகவே உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது.

கொரோனாவுக்கு முன்பே, கனடாவின் டொரண்டோ மருத்துவர்கள், கடும் நுரையீரல் பாதிப்புக்குத் தீவிர சிகிச்சை பெற்று மீண்டவர்களை 5 ஆண்டுகள் கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். நுரையீரல் சோதனைகள் ஏறத்தாழச் சரியாகவே இருந்தன. ஆயினும் 6 நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், நடக்க வேண்டியதில் 76 விழுக்காடே! பராமரித்த குடும்பத்தாரும் மனத்துயருக்கு ஆளாகியிருந்தனர்.

ஆகவே, "எக்ஸ்ரே நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் ஏன் படுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது அநீதியாகும். வயலுக்கோ கடைக்கோ போக இயலாதவர் ஏற்கெனவே உள்ளம் குமைந்திருக்கிறார். பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை ஏற இறங்கப் பார்ப்பதும் அத்தகையதே. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆரோக்கியத்தில் செய்துவந்த அமல்களின் நன்மை நோயாளிக்கு எழுதப்படுகிறது என்ற நற்செய்தியும் புகாரீயில் உண்டு. மார்க்கம் தந்த சலுகையை நம் பார்வையால் பறிக்கலாமா?

சகோதரர்களே! தாய்மார்களே! குணமடைந்து வருபவரைச் சிறிது நடக்கவும் சிறிது ஓய்வெடுக்கவும் விடுங்கள். வேலை செய்த மறுநாள் அசதி மிகுந்தால், வேலையின் அளவைக் குறையுங்கள். மூச்சுப் பயிற்சியை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மூச்சுத்திணறல் திடீரெனக் கூடினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடை வைத்திருப்போர், மீண்டு வந்த பணியாளருக்குச் சில காலம் இலகுவான வேலை கொடுங்கள். முதல் வாரத்தில் பழங்களுடன் சென்ற நாம், ஆறாம் மாதத்திலும் ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்று அமர்வோம்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பரிபூரண ஷிஃபாவையும், பராமரிப்போருக்குப் பொறுமையையும், எங்களுக்கு இரக்கமுள்ள இதயத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.